சயாம் ரயில் பாதையில் ஆவணமா இல்லை?

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உள்ள போர் அருங்காட்சியகங்களில் தமிழர் ஏன் கண்ணில் படுவதில்லை என்று யார் கேட்டாலும் வரும் பதில் ஒன்றுதான்: ஆவணம் இல்லை. நாட்குறிப்பு எழுதியவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். காவலாளிக்குத் தெரியாமல் படம் வரைந்து ஒளித்து வைத்தவர்களும் அவர்களே, ஊர் திரும்பிப் புத்தகம் போட்டவர்களும் அவர்களே. மலாயாத் தோட்டங்களிலிருந்து ரயில் பாதை வேலைக்குப் போனவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாது; கூட்டமாகச் செத்தார்கள், கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள்; பெயர்ப் பட்டியல்கூடக் கிடையாது. இல்லாததை எப்படிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது? வழிகாட்டிகள் இப்படிச் சொல்கிறார்கள், பயணக் கட்டுரைகள் இப்படி எழுதுகின்றன. க்வாய் ஆற்றுப் பாலத்தைப் பார்த்துவிட்டு வரும் தமிழர்களிலேயே பலர் பெருமூச்சோடு இதற்குத் தலையாட்டிவிடுகிறார்கள்.

தலையாட்ட வேண்டியதில்லை. சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட ஆசியத் தொழிலாளர்களைப் பற்றிய ஆவணங்கள் அன்றும் இருந்தன, இன்றும் இருக்கின்றன. கைதிகளைப் பற்றி உள்ள அளவுக்கு இல்லை என்பது மெய். அது ஏன் என்று ஒரு படி மேலே போய் விசாரித்தால், குறை செத்தவர்களின் கல்வியில் இல்லை என்பது தெரியும். போர் முடிந்ததும் ஆவணம் தேடப் போனவர்களை அனுப்பியது யார், யாரைத் தேடச் சொல்லி அனுப்பியது என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

முதலில் கணக்கு. தாய்லாந்தின் பான் போங் பக்கத்திலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர். காடும் மலையும் ஆறும் குறுக்கிடும் அந்தத் தடத்தை ஜப்பானிய ராணுவம் 1942இன் நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தது. வேலையில் தள்ளப்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் அறுபதாயிரத்துக்குச் சற்று மேல். பிரிட்டிஷார், ஆஸ்திரேலியர், டச்சுக்காரர், சில நூறு அமெரிக்கர். அவர்களில் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஐந்தில் ஒருவர்.

ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தார்கள். பர்மியர், தமிழர், மலாய்க்காரர், ஜாவானியர், சீனர். இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது பரவலாக ஏற்கப்படும் மதிப்பீடு. போர்க் கல்லறைகளைப் பராமரிக்கும் காமன்வெல்த் ஆணையமே 80,000 முதல் 1,00,000 வரை என்கிறது. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் எழுபதாயிரத்துக்கும் மேல், அவர்களில் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர்கள். ஆக, அந்தப் பாதையில் ஒரு கைதி இறந்தபோது ஏழு ஆசியத் தொழிலாளர்கள் இறந்தார்கள். காட்சிக்கூடங்களில் இந்த விகிதம் அப்படியே தலைகீழாகிக் கிடக்கிறது.

காஞ்சனபுரிக்கு வருபவரைப் பெரும்பாலும் ஒரு படம்தான் அங்கே கூட்டிவருகிறது. டேவிட் லீன் 1957இல் எடுத்து ஏழு ஆஸ்கர் வாங்கிய ‘க்வாய் ஆற்றுப் பாலம்’ என்ற படம். அது தாய்லாந்தில் எடுக்கப்பட்டதே அல்ல. பாலம் கட்டியது இலங்கையில், கித்துல்கலயில், களனி ஆற்றின் மேல். கதை பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரின் பிடிவாதத்தைச் சுற்றியது. படத்தைப் பார்த்துவிட்டு ‘க்வாய் ஆற்றுப் பாலம்’ எங்கே என்று பயணிகள் தேடி வரத் தொடங்கியதும், பாலம் நின்ற மே குளோங் ஆற்றின் மேற்பகுதிக்கு அறுபதுகளில் க்வாய் யாய் என்று பெயரே மாற்றிவைத்தார்கள். ஒரு திரைப்படத்துக்காக ஆற்றின் பெயர் மாறும் ஊரில், அந்தப் படத்தில் இல்லாதவர்களுக்கு எவ்வளவு இடம் மிஞ்சும்?

ரயில் நிலையத்துக்கு அருகே போர்க் கல்லறைத் தோட்டம். 6,982 கல்லறைகள், ஒவ்வொன்றிலும் வெட்டிய புல்லும் பூச்செடியும். தெரிந்த பெயர்களெல்லாம் பொறிக்கப்பட்டிருக்கின்றன. நுழைவாயில் கட்டடத்தில் ஒரு சிறு பட்டியல் உண்டு: தாய்லாந்தின் முஸ்லிம் இடுகாடுகளில் அடக்கப்பட்டு, பின்னர் கல்லறையைப் பராமரிக்க முடியாமல் போன பிரிக்கப்படாத இந்திய ராணுவத்தினர் 11 பேரின் பெயர்கள். பதினொரு பேருக்காக ஒரு நினைவுப் பலகை. இது பாராட்டத்தக்க செயல். ஒரு நிறுவனம் மனம் வைத்தால் எவ்வளவு நுணுக்கமாகத் தேட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம். அந்தத் தோட்டத்தின் மதிலுக்கு வெளியே எழுபதாயிரம் பேர் போன கணக்குக்கு ஒரு பெயரும் இல்லை.

1977இல் பௌத்த மடத் தலைவர் ஒருவர் தொடங்கிய ஜீத் அருங்காட்சியகம் மூங்கில் கொட்டகையாகக் கட்டப்பட்டது. கைதிகள் படுத்த பரணை அப்படியே காட்டும் நல்ல முயற்சி அது. அதன் பெயர் ஜப்பான், இங்கிலாந்து, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, தாய்லாந்து, ஹாலந்து ஆகியவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்தது. பர்மா இல்லை, மலாயா இல்லை, ஜாவா இல்லை, இந்தியா இல்லை. அதிகம் பேரைப் பறிகொடுத்த நாடுகள் பெயர்ப் பலகையிலிருந்தே விடுபட்டுவிட்டன. வடக்கே, பாறையைக் குடைந்த ‘நரக நெருப்புக் கணவாய்’ அருகே 1998இல் ஆஸ்திரேலிய அரசு திறந்த அருங்காட்சியகம் தரமானது. ஆசியத் தொழிலாளர்களைப் பற்றி அங்கே சொல்லாமலும் இல்லை. ஆனால் கைதிகள் முகமாகவும் குரலாகவும் வருகிறார்கள், தொழிலாளர்கள் எண்ணிக்கையாக வருகிறார்கள். ஆண்டுதோறும் ஏப்ரல் 25 விடியற்காலையில் கணவாயில் நடக்கும் அஞ்சலியும் ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைவீரர்களுக்கானது.

டோக்கியோவுக்குப் போனால் யசுகுனி கோயிலின் போர் அருங்காட்சியகத்து முகப்புக் கூடத்திலேயே சி56 வகை நீராவி இன்ஜின் ஒன்று பளபளவென்று நிற்கிறது, எண் 31. இந்தப் பாதையின் திறப்பு விழாவில் ஓடியது. எழுபதுகளின் இறுதியில் ஜப்பானுக்குக் கொண்டுவரப்பட்டது. பாதையைப் போட்ட பொறியாளர்களின் பெருமையைச் சொல்ல அது அங்கே நிற்கிறது. தண்டவாளத்தின் கீழே போனவர்களைச் சொல்ல அல்ல.

வென்றவரின் கூடம், தோற்றவரின் கூடம், சுற்றுலாக்காரரின் கூடம் என மூன்றும் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. தோட்டத் தொழிலாளியை விட்டுவிடுவதில் மட்டும் ஒத்துப்போகின்றன.

இனி அந்த ‘ஆவணம் இல்லை’ என்ற வாதத்துக்கு வருவோம்.

கைதிகளின் ஆவணங்கள் தாமாக வந்து சேரவில்லை. 1945 செப்டம்பரில், ஜப்பான் சரணடைந்த சில வாரங்களுக்குள், ஒரு தேடல் குழு ரயிலில் ஏறி அந்தப் பாதை நெடுகப் போனது. விடுதலையாகி வீடு திரும்பக் காத்திருந்த முன்னாள் கைதிகளே தாமாக முன்வந்து அதில் சேர்ந்திருந்தார்கள். உடன் போன மொழிபெயர்ப்பாளர் நகாசே தகாஷி என்ற ஜப்பானியர். அந்தப் பயணத்தில் கண்டது அவரைக் கடைசிவரை விடாமல் தொந்தரவு செய்தது, பிறகு வாழ்நாளெல்லாம் பிராயச்சித்தம் தேடினார். முகாம்களில் கைதிகள் புதைத்து வைத்திருந்த பதிவேடுகளைத் தோண்டி எடுத்தார்கள், கல்லறைகளைக் கணக்கெடுத்தார்கள். சில வாரங்களில் 144 இடுகாடுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகளை அடையாளம் கண்டார்கள். காடு மூடிக்கொண்டிருந்த, மழை ஓயாத இடத்தில் செய்த அரிய பணி.

அதே பாதை. அதே ரயில். வழியெல்லாம் தொழிலாளர் முகாம்கள் இருந்தன, புதைகுழிகள் இருந்தன. ஊர் திரும்ப வழியில்லாமல் பல்லாயிரம் தொழிலாளர்கள் அப்போதும் உயிரோடு அங்கேயே கிடந்தார்கள். யார் எங்கே செத்தார்கள் என்று அவர்களைக் கேட்டிருக்கலாம். குழுவுக்கு இடப்பட்ட கட்டளை படையினரின் கல்லறைகளைத் தேடுவது. அந்த மனிதர்களைக் குறை சொல்வதற்கில்லை. தொழிலாளர்களுக்காக இன்னொரு குழுவை அனுப்பாத ஆட்சியைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அந்தத் தொழிலாளர்களும் பிரிட்டிஷ் ஆட்சிக்கு உட்பட்ட மலாயாவிலிருந்து போனவர்கள்தாம். அவர்களைத் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேற்றித் தோட்டங்களில் குடியேற்றியதும் அதே ஆட்சிதான்.

படையினருக்கு மட்டுமே தங்கள் சாசனம் என்று கல்லறை ஆணையத் தரப்பில் சொல்லலாம். அப்படியே வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த ஆணையத்தின் சொந்த வரலாறே ‘ஆவணம் இல்லை’ என்ற பேச்சை உடைத்துவிட்டது. முதல் உலகப் போரில் ஆப்பிரிக்க, ஆசியப் படையினரும் சுமைதூக்கிகளும் ஏன் பெயரோடு நினைவுகூரப்படவில்லை என்று ஆராய ஆணையம் ஒரு குழுவை அமைத்தது. 2021 ஏப்ரலில் அறிக்கை வெளியானது. குறைந்தது 1,16,000 பேர், ஒருவேளை 3,50,000 பேர் வரை பெயரால் நினைவுகூரப்படவில்லை, அல்லது நினைவுகூரப்படவே இல்லை என்று அது ஒப்புக்கொண்டது. காரணமாகப் பதிவேடுகளின் குறையை மட்டும் அது காட்டவில்லை. அன்றைய அதிகாரிகளின் இனப் பாகுபாட்டையும் எழுத்தில் பதிவு செய்தது. ஆணையம் மன்னிப்புக் கேட்டது. தென்னாப்பிரிக்க ஆவணங்களிலும் பெயர்கள் கிடைத்தன. 2025 ஜனவரியில் கேப் டவுனில் 1,700க்கும் மேற்பட்ட கறுப்பினத் தொழிற்படையினரின் பெயர்களோடு நினைவிடம் திறக்கப்பட்டது. நூறாண்டுக்கு மேல் இல்லாதிருந்த பெயர்கள் அவை. காகிதம் அப்போதும் இருந்தது. பிரித்துப் பார்க்க ஆள் அனுப்பப்படவில்லை, அவ்வளவே.

சயாம் பாதைக்கும் காகிதம் உண்டு. 1943 நடுவில் தொழிலாளர் முகாம்களில் காலரா கட்டுக்கடங்காமல் போனபோது, ஜப்பானிய ராணுவம் சிங்கப்பூரின் சாங்கி முகாமிலிருந்து கைதி மருத்துவர்களையும் உதவியாளர்களையும் திரட்டி அனுப்பியது. கே படை என்று பெயர்: 30 அதிகாரிகள், 200 பேர். பின்னால் எல் படை என்று இன்னொரு சிறு குழு போனது. இவர்கள் சிகிச்சை செய்தது முழுக்க ஆசியத் தொழிலாளர்களுக்கு. மருந்து இல்லை, கத்தி இல்லை, படுக்கை இல்லை. அவர்கள் கண்டதை எழுதினார்கள், அறிக்கை கொடுத்தார்கள். ராபர்ட் ஹார்டி என்ற மருத்துவர் போருக்கு முன் மலாயாத் தோட்டங்களில் வைத்தியம் பார்த்தவர். பாதையில் கைதியாக இருந்தபோது அவர் ரகசியமாக எழுதிவந்த நாட்குறிப்பு 1983இல் நூலாக வந்தது. தொழிலாளர் முகாம்களின் அவலம் அதில் உண்டு. சிங்கப்பூரில் நடந்த போர்க்குற்ற விசாரணைகளில் ஆசியத் தொழிலாளர்களைக் கொடுமைப்படுத்தியதற்கான வழக்குகளும் இருந்தன, வாக்குமூலங்கள் இருந்தன. அவை எல்லாம் லண்டனிலும் கான்பெராவிலும் அடுக்கில் இருக்கின்றன.

கைதிகளின் நாட்குறிப்பில் கைதியைப் பற்றிய வரியை எடுத்துப் பெரிதாக்கிச் சுவரில் ஒட்டுகிறார்கள். பக்கத்து முகாமைப் பற்றிய வரி அதே நாட்குறிப்பில் அடுத்த பக்கத்தில் கிடக்கிறது. எடுப்பதும் விடுவதும் காட்சியமைப்பாளரின் முடிவு. அதற்குக் காகிதத்தின் மேல் பழி போடுவது நியாயமில்லை.

தோட்டத்துப் பக்கமும் பதிவு இல்லாமல் இல்லை. மலாயாத் தோட்டம் என்பது கணக்கில் ஊறிய நிறுவனம். விடியற்காலைப் பெரட்டில் ஆள் எண்ணி, செக்ரோல் என்ற வருகைப் பதிவேட்டில் பேர் ஏற்றி, ஒரு நாள் பேர் போடாதவருக்குச் சம்பளம் வெட்டிய இடம். யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்பது கணக்கெழுதும் கிராணிக்குத் தெரியும். 1943இல் எந்த லயத்திலிருந்து எத்தனை பேர் லாரியில் ஏறினார்கள் என்பதும் தெரியும். போருக்குப் பின் துரைமார் திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தங்களிடம் எத்தனை ஆள் குறைந்திருக்கிறது என்று எண்ணினார்கள். ரப்பர் பால் வெட்ட ஆள் வேண்டுமே. தொழிலாளர் எண்ணிக்கை பற்றிய அரசாங்க மதிப்பீடுகளும் அந்தக் காலத்திலேயே தயாரிக்கப்பட்டன. உழைப்பாளியாக எண்ணத் தெரிந்தவர்களுக்கு, இறந்த மனிதராகப் பெயர் சொல்லத் தோன்றவில்லை.

எழுத்தறிவு என்ற சாக்கு இன்னும் மெலிந்தது. எழுதத் தெரியாதவருக்கு வாய் உண்டு. சயாமுக்குப் போய் மீண்டவர்கள் மலேசியாவின் தோட்டங்களில் அறுபது, எழுபது ஆண்டுகள் வாழ்ந்தார்கள். அவர்களைப் போய்க் கேட்ட தமிழர்களும் இருந்தார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ நாவலை 1993இல் வெளியிட்டார். அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ 2005இல் வந்தது. ஆய்வு நூல்களும் ஆவணப் படமும் தமிழர்களின் சொந்த முயற்சியில், சொந்தப் பணத்தில் வந்திருக்கின்றன. இவற்றில் வரும் சாட்சியங்கள் ஒன்றையொன்று தாங்குகின்றன: ரப்பர் ஏற்றுமதி நின்று வேலையில்லாமல் போனது, அரிசி கிடைக்காமல் மரவள்ளிக் கிழங்கே உணவானது, மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று ஆசை காட்டியது, ஆசைக்கு ஆள் சேராதபோது பிடித்துப்போனது, படம் காட்டுவதாகக் கூட்டிவந்து கதவைச் சாத்தி லாரியில் ஏற்றியது, சரக்கு வண்டியில் பான் போங் வரை போய் அங்கிருந்து காட்டுக்குள் நடந்தது. பர்மாவிலும் ‘வியர்வைப் படை’ என்று அன்றைய ஆட்சித் தலைவர் பா மாவின் அரசு திரட்டிக் கொடுத்தவர்களில் பிழைத்து வந்த ஒருவர் தம் மொழியில் நூல் எழுதினார். தமிழிலும் பர்மியத்திலும் இருப்பது ஆவணம் அல்ல என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. ஆனால் காட்சிக்கூடங்கள் அப்படித்தான் நடந்துகொள்கின்றன.

விடுபட்டது மட்டுமே குறை என்றால்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். இருக்கும் இடத்திலும் தொழிலாளர் எப்படி வருகிறார் என்று பார்க்க வேண்டும். கைதிகளின் நினைவுக் குறிப்புகளில் அவர் பெரும்பாலும் காலரா வந்த திசையாக வருகிறார்: ஆற்றின் மேற்புறத்தில் கூலி முகாம், அங்கே அசுத்தம், அங்கிருந்து நோய். ‘எஃப் படை’ என்ற 7,000 கைதிகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரை 1943இன் மழைக்காலம் கொண்டுபோனது. அந்தத் துயரத்தின் நடுவே எழுதியவர் மேல் கோபப்பட முடியாது. ஆனால் அதை அப்படியே விளக்கப் பலகையில் ஏற்றினால் பொய்யாகிவிடுகிறது. கைதிகளுக்கு ராணுவ அமைப்பு இருந்தது, அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். கொதிக்க வைக்காத தண்ணீரைக் குடிக்கக் கூடாது, கழிப்பிடக் குழி வெட்ட வேண்டும், ஈக்களை ஒழிக்க வேண்டும் என்று ஆணையிட்டு நடத்த ஆள் இருந்தார். தொழிலாளர் முகாமில் இதில் ஒன்றும் இல்லை. மொழி தெரியாத காவலாளியும், வேலை அளவும், பசியும்தான். பெண்களும் பிள்ளைகளும்கூட இருந்தார்கள். நோய் வந்தவரைத் தனிக் கொட்டகையில் போட்டு விட்டுவிட்டார்கள். கைதிகள் ஐந்தில் ஒருவர் இறந்தபோது தொழிலாளர்களில் பாதிக்கு நெருக்கமானோர் இறந்ததன் காரணம் இதுதான். ‘அசுத்தம்’ என்று முடித்துவிடும் விளக்கம் கொன்றவரை விட்டுவிட்டுச் செத்தவரைக் குற்றவாளியாக்குகிறது.

இங்கே இன்னொரு வாதமும் எழும்: ஆஸ்திரேலியப் பணத்தில் கட்டிய கூடம் ஆஸ்திரேலியரைப் பற்றிப் பேசும், இதில் என்ன தவறு? உங்கள் ஆட்களுக்கு நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். இந்த வாதத்தில் பாதி நியாயம் இருக்கிறது, அந்தப் பாதியைத் தமிழர்கள் நேர்கொண்டு பார்க்க வேண்டும். போர்க்கால இழப்புக்காக மலேசியாவுக்கு 1967இல் ஜப்பானோடு ஒப்பந்தமானது, 2.5 கோடி மலேசிய டாலர் மதிப்பில் உதவி, அது இரண்டு கப்பல்களாக வந்தது. தோட்டத்து விதவைகளுக்கு அதில் ஒரு பலகையும் வரவில்லை. இந்தியா இந்தச் சாவுகளைத் தன் கணக்கில் எடுத்துக்கொண்டதே இல்லை. மலாயாத் தமிழரின் போர்க்கால நினைவில் நேதாஜியும் இந்திய தேசிய ராணுவமும் ஓங்கி நிற்கின்றன. அது பெருமைக்குரிய நினைவுதான். ஆனால் ஜப்பானின் துணையோடு டில்லிக்குப் புறப்பட்ட அதே 1943இல், அதே ஜப்பான் அதே தோட்டங்களிலிருந்து ஆட்களை அள்ளிப்போனதைப் பேசும்போது நாக்குத் தடுமாறியிருக்கிறது. ஆள் கணக்குக் கொடுத்த கங்காணிகளும் கிராணிகளும் இருந்தார்கள் என்பதும் சொல்லப்பட வேண்டியதே. ஒருதலைச் சார்பைப் பிறர் கூடத்தில் கண்டுபிடிப்பவர் தம் வீட்டு அலமாரியையும் திறந்துதான் ஆக வேண்டும்.

மறுபாதி நியாயமற்றது. அருங்காட்சியகம் தூதரகம் அல்ல. ‘மரண ரயில் பாதை அருங்காட்சியகம்’ என்று பெயர் வைத்து, அந்தப் பாதையின் வரலாற்றைச் சொல்வதாக உறுதி கொடுத்து வாசலைத் திறப்பவர், பாதையை யார் போட்டார்கள் என்பதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். ஒரு படைப்பிரிவின் நினைவகம் தன் வீரர்களை மட்டும் சொல்லலாம். பாதையின் அருங்காட்சியகம் அப்படிச் சொல்லக் கூடாது. இதைச் செய்ய முடியும் என்பதற்கும் காஞ்சனபுரியிலேயே சான்று உண்டு. கல்லறைத் தோட்டத்துக்கு எதிரே 2003இல் திறக்கப்பட்ட தாய்லாந்து–பர்மா ரயில் மையம், தனியார் ஒருவரின் பல்லாண்டு உழைப்பில் எழுந்தது. ஆசியத் தொழிலாளர்களின் எண்ணிக்கையையும் சாவையும் கைதிகளுடையதோடு சேர்த்தே அது வைக்கிறது. போதுமா என்றால் போதாது. இயலாது என்ற பேச்சுக்கு அது ஒன்றே பதில்.

பணத்தையும் பேச வேண்டும், ஏனெனில் ஆவணத்தின் கதை அங்கேதான் கூர்மையாகிறது. போருக்குப் பின் பிரிட்டன் தாய்லாந்து அரசுக்கு அந்நாட்டு எல்லைக்குள் இருந்த பாதையை விற்றது, விலை 12.5 லட்சம் பவுண்டு. ஐம்பதுகளில் ஜப்பானியச் சொத்திலிருந்து பிரிட்டிஷ் கைதிகளுக்குத் தலைக்குச் சுமார் 76 பவுண்டு கிடைத்தது. அற்பத் தொகை, அவர்கள் அதற்கு எதிராக அரை நூற்றாண்டு போராடினார்கள். 2000இல் பிரிட்டிஷ் அரசு உயிரோடிருந்தவர்களுக்கும் விதவைகளுக்கும் 10,000 பவுண்டு கொடுக்க முன்வந்தது. அந்தப் போராட்டத்தில் அவர்களுக்குத் துணை நின்றவை பதிவேடுகளும் கல்லறைப் பட்டியலும் அருங்காட்சியகங்களும் எழுப்பிய பொது நினைவும். தோட்டத்து விதவை கோரிக்கை வைக்கப் போனால் அவரிடம் கேட்கப்படக்கூடிய முதல் கேள்வி, உன் புருஷன் போனதற்கு என்ன சாட்சி என்பது. 1945இல் ஒரு பட்டியல் எடுக்காமல் விட்டதன் விலையை அந்தப் பெண் வாழ்நாள் முழுதும் கட்டினார். காட்சிக்கூடத்தில் இடம் கேட்பது வெறும் கௌரவப் பிரச்சினை என்று நினைப்பவர் இதை மறந்துவிடுகிறார்.

தமிழரை அங்கே யாருக்கும் தெரியாது என்று சொல்லவும் வழியில்லை. பாலத்துக்கு அருகிலேயே ஜப்பானிய ராணுவம் 1944இல், போர் நடந்துகொண்டிருந்தபோதே, இறந்தவர்களுக்கு ஒரு நினைவுத் தூண் எழுப்பியது. பல மொழிகளில் கல்வெட்டு. அவற்றில் தமிழும் ஒன்று. கொன்ற கையே எழுப்பிய தூணுக்கு நன்றி சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் செத்தவர்களில் தமிழர் உண்டு என்பது 1944லேயே கல்லில் ஏறிவிட்டது. அதற்குப் பின் வந்த எந்தக் கூடமும் ‘தெரியாது’ என்று சொல்ல முடியாது. ஊருக்குள் வாட் தாவோன் மடத்தில் ஆசியத் தொழிலாளர் ஆயிரக்கணக்கானோரின் எலும்புகள் அடக்கப்பட்ட இடம் இருக்கிறது. மலேசிய, தாய்லாந்துத் தமிழர்கள் முயன்று அண்மையில் அங்கே நடுகல் நிறுத்தியிருக்கிறார்கள். 1990இல் காஞ்சனபுரியில் ஒரு கரும்புக் கொல்லையைத் தோண்டியபோது நூற்றுக்கணக்கில் எலும்புக்கூடுகள் வெளிவந்தன. பாலத்தில் நின்று படம் எடுத்துக்கொள்ளும் கூட்டத்தில் இந்த இடங்களுக்குப் போகிறவர் மிகச் சிலர். பயண நிறுவனங்களின் ஒருநாள் சுற்றில் இவை சேர்வது அரிது.

ஆகவே, கேட்க வேண்டியது இரக்கம் அல்ல, வேலை. கே படை, எல் படை அறிக்கைகளிலிருந்து தொழிலாளர் முகாம்களைப் பற்றிய பகுதிகளைக் கைதிகளின் நாட்குறிப்புப் பக்கத்துக்குப் பக்கத்திலேயே சுவரில் ஏற்ற வேண்டும். முகாம் வரைபடங்களில் கைதி முகாம்களைக் குறிப்பதுபோலவே தொழிலாளர் முகாம்களையும் குறிக்க வேண்டும். காலராப் பலகையைத் திருத்தி எழுத வேண்டும். மலேசியாவில் தமிழ் ஆர்வலர்கள் ஒலிப்பதிவு செய்து வைத்திருக்கும் குரல்களை மொழிபெயர்ப்போடு கேட்க வைக்க வேண்டும். மலேசிய அரசும் தோட்ட நிறுவனங்களும் தங்கள் கிடங்குகளில் மிஞ்சியிருக்கும் செக்ரோல்களையும் தொழிலாளர் துறைக் கோப்புகளையும் திறந்து, 1943க்கு முன் இருந்து 1946இல் இல்லாமல் போன பெயர்களைத் தோட்டம் தோட்டமாக எடுக்க வேண்டும். பட்டியல் முழுமையாக வராது, சில ஆயிரம் பெயர்கள் வந்தாலும் அது இன்றுள்ள பூஜ்யத்தைவிடப் பெரிது. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கும் இதில் வேலை உண்டு: அந்த மனிதர்கள் கப்பலேறியது நாகப்பட்டினத்திலும் சென்னையிலும், அவர்களுடைய ஊர்களும் உறவுகளும் தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களில் இருந்தன. சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இப்போது எண்பதைத் தாண்டிவிட்டார்கள். அப்பா பேர் என்ன, எந்தத் தோட்டம், யாரோடு போனார் என்று அவர்களால் இன்னும் சொல்ல முடியும். அதைக் குறித்துக்கொள்ள இந்த ஆண்டே ஆள் போக வேண்டும்.